பதினான்கு வரிக் கால்

கானாடுகாத்தானில் ஆச்சி வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கிடந்த எழுதுமேசைக்கு மூன்று கால்தான் சொந்தக் கால். நாலாவது வாடகைக் கால். எப்போதோ ஒருவர் கட்டில் காலுக்குக் கடைந்ததைக் கொண்டுவந்து, துளைக்குள் நுழைந்து பிடிக்கும் நாக்கான கழுந்து எதுவும் எடுக்காமல், பக்கச் சட்டத்தின் வழியாக ஆறு ஆணி அடித்து நிறுத்தியிருந்தார். மற்ற மூன்றும் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டு வரும் உருண்டைக் கால்கள். சுற்றிலும் நாணல் தட்டைகளை அடுக்கிக் கட்டியது போலப் புடைத்த வரிகள். இது மட்டும் மொழுமொழுவென்று இருந்தது.

“தம்பி, இதுக்கு ஒரு கால் போட்டுக் குடுத்துரு. பேத்தி லீவுக்கு வந்தா இதுலதான் உக்காந்து எழுதுவா. ஒவ்வொரு தடவையும் அட்டையை மடிச்சு அடியில வைக்க வேண்டியிருக்கு” என்றார் ஆச்சி.

வார நாளில் எனக்கு வேறு பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மரவேலை. வீட்டுப் பின்கட்டில், மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் சின்ன லேத்து ஒன்று இருக்கிறது. உருட்டுக்கட்டை, மத்து, கிண்ணம் என்று கடைந்திருக்கிறேனே தவிர வரிபோட்ட காலைத் தொட்டதில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இந்த வேலையில் இரண்டு வகை உண்டு. ஆங்கிலத்தில் ஃப்ளூட்டிங் என்பது உள்ளே குழிந்த வரி, ரீடிங் என்பது வெளியே புடைத்த வரி. எங்கள் பக்கத்துக் கடைசல் ஆசாரி இரண்டையும் ‘வரி’ என்றே சொல்லிவிடுவார். எனக்குக் குழம்பாமல் இருக்க, குழிவரி என்றும் புடைவரி என்றும் பிரித்துக்கொண்டேன். கிரேக்கக் கோயில் தூண்களில் இருப்பது குழிவரி. டோரிக் தூணில் வழக்கமாக 20 வரி, ஒரு குழியும் அடுத்த குழியும் கத்திமுனை போல ஒட்டி நிற்கும். அயோனிக் தூணில் 24 வரி, நடுவே பட்டையாக ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த மோகம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மேசை நாற்காலிகளுக்கு வந்து சேர்ந்தது. 1791-லிருந்து வெளியான, மரச்சாமான் வடிவமைப்பாளர் தாமஸ் ஷெரட்டனின் வரைபடப் புத்தகம் பரப்பிய பாணியில் இப்படிச் சிறுத்து வரும் புடைவரிக் கால்கள் நிறைய. பிறகு கப்பல் ஏறிக் கல்கத்தா, ரங்கூன் என்று அந்தப் பாணி சுற்றியது. ஆச்சி வீட்டு மேசை ரங்கூனிலிருந்து வந்தது என்பது வீட்டுப் பேச்சு. மரம் பர்மா தேக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆணியைப் பிடுங்கியதும் வந்த எண்ணெய் வாசனையே சொல்லிவிட்டது.

முதல் தப்பு எண்ணிக்கையில். காலைப் பார்த்ததுமே 16 என்று மனசு சொல்லிவிட்டது. நம் ஊர்த் தூண்களைப் பார்த்து வளர்ந்த கண் அது. சதுரம், அதன் மூலையை வெட்டினால் எட்டுப்பட்டை, அதன் மூலையையும் வெட்டினால் பதினாறு பட்டை. எண்ணாமலே நோட்டில் 16 என்று எழுதிவிட்டேன். சாயங்காலம் வடிவம் எடுப்பதற்காக மெல்லிய தாளைக் காலைச் சுற்றி வைத்துக் கரியால் தேய்த்தேன். தாளைப் பிரித்து மேசையில் பரப்பினால் கறுப்புக் கோடுகள் 14. மறுபடி எண்ணினேன், 14. மற்ற இரண்டு கால்களையும் தேய்த்துப் பார்த்தேன், அதே 14.

என் லேத்தின் தலைப்பகுதியில் வட்டத்தைப் பிரித்து நிறுத்த 24 துளை இருக்கிறது. 24-ஐ வைத்து 12 வரும், 8 வரும், 6 வரும். 14 வராது. 48 துளை இருந்தாலும் வராது. ‘யாரப்பா 14 போட்டது?’ என்று அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அளவுகள் இவை. வரி தொடங்கும் இடத்தில் விட்டம் 57 மில்லிமீட்டர், முடியும் இடத்தில் 33. வரியின் நீளம் 400. மேலே சட்டத்தோடு சேரும் சதுரக் கட்டை 75-க்கு 75. மேல் விட்டத்தில் சுற்றளவு 179, அதை 14-ஆல் வகுத்தால் ஒரு வரிக்கு 12.8. கீழே 7.4. இந்த 12.8-க்கும் 7.4-க்கும் நடுவில்தான் அடுத்த ஒரு மாதமும் கழிந்தது.

மரத்துக்குக் காரைக்குடி போனேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைத் தாண்டிப் போகும்போது, இதே மாதிரிக் கால் தனியாகக் கிடைக்காதா என்று ஒரு நப்பாசை. கிடைத்த வரிக் கால்கள் எல்லாம் ஒன்று குட்டை, இல்லாவிட்டால் தடிமன். கடைசியில் பழைய மரம் விற்கும் ஒருவரிடம், இடித்த வீட்டு நிலைக்கால் துண்டு ஒன்றை எடுத்தேன். வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், ஒடிந்த ஆணி உள்ளே ஒளிந்திருக்கும். அடுத்தது, ரேகை நேராக ஓடுகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். மொழுமொழு காலுக்கு ரேகை சாய்ந்திருந்தால் பரவாயில்லை. வரி போடும் காலில் அது ஒவ்வொரு வரியிலும் பெயர்த்துக்கொண்டு வரும்.

கடைசலைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சதுரக் கட்டையை விட்டுவிட்டு மீதியை உருட்டி, கழுத்தும் வளையமும் பாதமும் எடுத்து, வரிபோடும் பகுதியைக் கழுத்தைவிடச் சற்றுத் தூக்கலாக நிறுத்த வேண்டும். அப்போதுதான் உளி ஓடி வெளியேற ஒரு வெற்றிடம் கிடைக்கும். உப்புத்தாள் தேய்ப்பதை இந்தக் கட்டத்திலேயே முழுசாக முடித்துவிடுங்கள். வரி வெட்டிய பிறகு லேத்தைச் சுழலவிட்டுத் தேய்த்தால் புடைப்பின் உச்சியெல்லாம் மழுங்கிவிடும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளியின் கூர் சீக்கிரம் போகும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கல்லில் தேய்க்கச் சோம்பல்படாதவர்தான் தேக்கைக் கடைய முடியும்.

இனி அந்த 14. வட்டத்தை 14-ஆகப் பிரிக்கப் பள்ளிக்கூட நோட்டு போதும். காலின் மேல் விட்டத்தில் ஒரு தாள் பட்டையைச் சுற்றி, சரியாக ஒரு சுற்று வரும் நீளத்துக்கு வெட்டிக்கொண்டேன். கோடு போட்ட நோட்டின் மேல் அந்தப் பட்டையைச் சாய்வாக வைத்து, ஒரு முனை முதல் கோட்டையும் மறுமுனை பதினைந்தாவது கோட்டையும் தொடும்வரை திருப்பினேன். 15 கோட்டுக்கு நடுவே 14 இடைவெளி. கோடுகள் பட்டையைக் கடக்கும் இடத்தில் எல்லாம் பென்சில் புள்ளி. வகுத்தல் இல்லை, தசமப் புள்ளி இல்லை. பட்டையின் நீளம் 14 இடைவெளியின் மொத்த அகலத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் இது நடக்கும். 8 மில்லிமீட்டர் கோட்டு நோட்டில் அது 112. என் பட்டை 179, சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

லேத்தைப் பூட்டி நிறுத்த வேறு வழி வேண்டியிருந்தது. 200 மில்லிமீட்டர் விட்டத்தில் பிளைவுட் வட்டு ஒன்று வெட்டி, அதன் விளிம்பிலும் இதே தாள் வித்தையால் 14 பிரிவு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆணி நுழையும் அளவுக்குத் துளை போட்டேன். காலின் சதுரத் தலையில் வட்டை இரண்டு திருகாணியால் இறுக்கியாயிற்று. லேத்துப் படுகையில் ஒரு மரத்துண்டைக் கவ்வவைத்து, அதிலிருந்து ஓர் ஆணி வட்டின் துளைக்குள் போகும்படி செய்தேன். ஆணியை உருவித் திருப்பி அடுத்த துளையில் செருகினால் அடுத்த வரி. வட்டு பெரிதாக இருப்பது நல்லது. வட்டின் விளிம்பில் ஒரு மில்லி பிசகினாலும் காலில் அது கால் மில்லியாகத்தான் தெரியும்.

நீளவாக்கில் கோடு இழுக்கும்போது இரண்டாவது தப்பு. உளியைச் சாய்க்கும் தாங்கியின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, மேலிருந்து கீழே நகர்த்தி 14 கோடும் போட்டேன். காலை எடுத்து நிமிர்த்திப் பார்த்தால் எல்லாக் கோடும் சொல்லிவைத்தாற்போல ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, காற்றடித்த பக்கம் வளைந்த தென்னந்தோப்பு மாதிரி. அரை மணி நேரம் யோசித்தும் பிடிபடவில்லை. அப்புறம்தான் பென்சில் முனையின் உயரத்தை அளந்தேன். லேத்தின் மையத்தைவிட 3 மில்லிமீட்டர் தாழ்வாக இருந்தது. ஒரே தடிமனான கட்டையாக இருந்தால் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. சிறுத்து வரும் காலில், தடித்த முனையில் அந்த 3 மில்லி 6 டிகிரி விலகல், மெலிந்த முனையில் பத்தரை டிகிரி. கீழே வரும்போது கோடு ஒன்றேகால் மில்லி நகர்ந்துவிடுகிறது. ஒரு வரியே 7.4 இருக்கும் இடத்தில் ஒன்றேகால் என்பது ஆறில் ஒரு பங்கு. கோட்டையெல்லாம் அழித்து, பென்சில் முனையை மையத்துக்குச் சரியாக உயர்த்தி மறுபடி போட்டேன். நேராக வந்தன.

அடுத்தது, செய்திருக்கவே வேண்டாத வேலை. ரூட்டரை எடுத்தேன். ‘பிட்’ என்ற வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றி மரத்தைக் குடையும் மின்கருவி அது. இணையத்தில் எல்லோரும் செய்வதுதான். காலைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, மேலே ரூட்டரை ஓடவிட்டு வரி எடுக்கிறார்கள். தேக்கில் கை வைக்காமல் முதலில் மாங்கட்டையில் அதே அளவுக்கு ஒரு கால் கடைந்து பார்த்தது மட்டும் நல்ல புத்தி. புடைவரிக்கான பிட் ஒன்று 12 மில்லி அகலத்தில் இருந்தது. மேல்முனையில் அழகாக வந்தது. கீழே போகப் போகப் பக்கத்துப் பக்கத்து வரிகள் ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்தன. 7.4 அகலம்தான் இருக்கும் இடத்தில் 12 அகலப் புடைப்பு எப்படி உட்காரும்? பாதத்துக்கு ஒரு சாண் மேலே எல்லாம் கூம்பிப்போய், மக்காச்சோளக் கதிரை ஒடித்தது போல நின்றது. பிட்டின் அகலம் மாறாது, வரியின் அகலம் மாறிக்கொண்டே போகிறது. இது தெரிந்துகொள்ள ஒரு ஞாயிறு போயிற்று.

குழிவரியாக இருந்தால் ரூட்டரே போதும், அதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. உருண்டை முனை பிட்டைப் போட்டு, காலின் தடித்த முனையைக் கொஞ்சம் தூக்கிவைத்தால் பிட் அங்கே ஆழமாக இறங்கும். ஆழம் கூடினால் குழியின் அகலமும் கூடும். 10 மில்லி பிட் 1 மில்லி ஆழம் இறங்கினால் 6 மில்லி அகலம், 3 மில்லி இறங்கினால் 9 மில்லிக்குச் சற்றுக் கூடுதல். ஆக ஒரே பிட்டில் சிறுத்து வரும் குழி கிடைத்துவிடும். மாங்கட்டையின் மிச்சப் பகுதியில் இதைச் செய்தும் பார்த்தேன், நன்றாகவே வந்தது. புடைவரியில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. கை உளிதான்.

அதற்கான உளி என்னிடம் இல்லை. கடைசல் பட்டறைக்குப் போனேன். ஆசாரிக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். தொட்டில் கால், கட்டில் கால், ஊஞ்சல் சங்கிலிக் கட்டை என்று கடைந்து கடைந்து வலது தோள் ஒரு பக்கம் இறங்கியே இருக்கும். ‘வி’ வடிவ முக்கோண உளியைத் தேடி எடுத்துக் கொடுத்தவர், வண்டியில் கட்டியிருந்த காலையும் அதன் தலையில் இருந்த பிளைவுட் வட்டையும் பார்த்தார்.

“இது என்ன தம்பி, காத்தாடியா?”

14 கதையை முழுசாகச் சொன்னேன். தாள், நோட்டுக் கோடு, 24 துளை எல்லாம். அவர் பதில் சொல்லாமல் கவராயத்தை எடுத்தார். எஃகு அளவுகோலில் வைத்து அரை அங்குலத்துக்குத் திறந்தார். காலின் மேல் விளிம்பில் ஒரு முனையை ஊன்றி, நடக்கவிட்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினாலாவது அடி, முதல் புள்ளியிலேயே போய் விழுந்தது.

“ரெண்டேகால் அங்குலக் காலு. அரை அங்குலத்துக்கு நடந்தா பதினாலு. இதுக்கு எதுக்குத் தம்பி நோட்டு?”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டேகால் அங்குல விட்டம், 57.15 மில்லிமீட்டர். அதை 14-ஆகப் பிரித்தால் கவராயத்தின் இரு முனைகளுக்கு நடுவே வர வேண்டிய தூரம் 12.7. அரை அங்குலமும் 12.7-தான். நான் மில்லிமீட்டரில் அளந்துகொண்டிருந்ததால் 57 என்பது வெறும் 57-ஆகத் தெரிந்தது. கால் செய்தவர் கையில் இருந்தது அங்குலக்கோல். 14 என்பது யாரும் யோசித்துத் தேர்ந்தெடுத்த எண்ணாகவே இருக்காது. அரை அங்குல வரி வேண்டும் என்று கவராயத்தைத் திறந்திருப்பார், எத்தனை வந்ததோ அத்தனை. சரியாக முடியாவிட்டால் கவராயத்தை ஒரு மயிரிழை திறந்தோ மூடியோ மறுபடி நடப்பார்கள் என்றார் ஆசாரி.

ஆனாலும் வட்டை நான் கழற்றவில்லை. கால் அசையாமல் நிற்க ஏதாவது வேண்டுமே.

வெட்டும் முறை இது. 14 கோட்டிலும் முதலில் முக்கோண உளியால் மெல்லிய கீறல். அடுத்த சுற்றில் ஆழம், மேல்முனையில் மூன்றரை மில்லிமீட்டர், கீழ்முனையில் 2. எப்போதும் தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்துக்கே தள்ள வேண்டும். சரிவில் இறங்கும்போது உளி ரேகையை அறுத்துக்கொண்டு போகும், ஏறினால் ரேகைக்கு அடியில் புகுந்து சிராய் கிளப்பும். இரண்டு முனையிலும் நிற்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே குழியுளியால் குத்தி வைத்துக்கொண்டால் உளி தாண்டி ஓடி வளையத்தைக் கெடுக்காது. கொட்டாப்புளி அநேகமாகத் தேவைப்படவில்லை, உள்ளங்கை அழுத்தமே போதும்.

பிறகு புடைப்பு. இரண்டு பள்ளத்துக்கு நடுவே நிற்கும் கூரைச் சரிவு போன்ற மேட்டைப் பட்டை உளியால் இருபுறமும் சீவி, உளியின் சாய்ந்த முகத்தைக் கீழே வைத்து உருட்டிக்கொண்டே வர வேண்டும். நடு உச்சியில் பென்சில் கோடு ஒன்று போட்டுக்கொண்டு, அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கோடு இருக்கும்வரை உயரம் குறையவில்லை என்று அர்த்தம். முதல் வரிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது, ஆறாவதுக்கு நாற்பது நிமிஷம். ஒன்பதாவதில் அசந்துவிட்டேன். ரேகை சற்றுச் சுழித்த இடத்தில் உளி கவ்வி, அரிசி அளவு சில்லு பறந்தது. தரையில் தவழ்ந்து தேடி எடுத்து ஃபெவிக்விக் தொட்டு ஒட்டினேன். இன்றைக்கும் எங்கே என்று எனக்குத் தெரியும்.

உளித் தழும்பை எடுக்கச் சுரண்டி செய்துகொண்டேன். உடைந்த ஹாக்சா பிளேடு துண்டுகளில் அரை வட்ட வளைவை உருண்டை அரத்தால் ராவி, ஒரு மரப்பிடியில் செருகினால் முடிந்தது. ஒன்று போதாது. 12, 10, 8 என்று மூன்று அளவில் செய்து, மேல் பகுதிக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. இரண்டு சுரண்டி சந்திக்கும் இடத்தில் தோள் விழாமல் கண்ணாடிச் சில்லால் நீவிவிட்டேன். பழைய ஆட்களின் ஆயுதம் அது, உப்புத்தாளைவிடச் சுத்தமாக எடுக்கும், விரலையும் எடுக்கும். பள்ளத்தின் அடிக்கோட்டுக்குள் உப்புத்தாளை மடித்து அதன் மடிப்பு விளிம்பை மட்டும் விடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் தூர்ந்த வாய்க்கால் ஆகிவிடும்.

சரிபார்க்கக் குழல்விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் காலுக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்தேன். செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றமான வளவில் மேலிருந்து இறங்கும் வெளிச்சம் கட்டுக்குள் நுழையும்போது சாய்ந்துதான் வரும், அந்த வெளிச்சத்தில்தான் இந்தக் கால் நிற்கப் போகிறது. நேர் வெளிச்சத்தில் மழுப்பிய இரண்டு வரிகள் டார்ச்சில் மாட்டிக்கொண்டன. ஒன்று தட்டை, இன்னொன்று ஒரு பக்கம் சாய்வு.

சதுரத் தலையில் சட்டத்துக் கழுந்து நுழைய இரண்டு துளை. வாடகைக் காலை மாட்டியவர் பக்கச் சட்டத்தின் கழுந்தை அறுத்துத் தள்ளியிருந்ததால், சட்டத்தின் முனையில் காடி எடுத்துப் புதுத் தேக்கு நாக்கு ஒட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பற்றிப் பேசினால் எனக்கு இப்போதும் வாய் நல்லபடி வராது.

நிறத்துக்கு அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ், ஏழு பூச்சு. பழைய மூன்று கால்களிலும் பள்ளங்களில் பல காலத்துப் பாலிஷும் தூசியும் சேர்ந்து கறுத்திருந்தன. பொருத்தம் வர, தேன்மெழுகில் விளக்குக் கரியைக் குழைத்துப் பள்ளத்தில் தேய்த்து, மேட்டில் படிந்ததைத் துணியால் துடைக்கத் திட்டம். மெழுகு டப்பாவோடு கானாடுகாத்தான் போய், காலைப் பொருத்தி, கவ்வியை இறுக்கிவிட்டு டப்பாவைத் திறந்தேன். ஆச்சி எட்டிப் பார்த்தார்.

“அது என்னய்யா?”

“பழசு மாதிரி தெரியறதுக்கு ஆச்சி. இடுக்குல கறுப்பு.”

“அழுக்கையா பூசப் போற? வேணாம் வேணாம். அந்த மூணையும் சுத்தம் பண்ண முடியுமான்னு பாரு.”

ஆக அடுத்த ஞாயிறு பல் துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக 42 பள்ளம். முழுக்கப் போகவில்லை, பாதி போயிற்று. மேசையை நிமிர்த்தி வைத்ததும் ஆடியது. வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கையால் செய்த கல், அந்த ஓர் இடத்தில் ஒரு கல் இறங்கியிருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் ஆச்சி அட்டை மடித்து வைத்ததில் எத்தனை காலுக்காக, எத்தனை கல்லுக்காக என்று நான் கேட்கவில்லை.

வாடகைக் காலை ஆச்சி என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆறு ஆணித் துளையோடு இப்போது என் லேத்தில் மாட்டியிருக்கிறது, குழிவரி பழகுவதற்கு. விட்டம் சரியாக 2 அங்குலம். கவராயத்தை அரை அங்குலத்துக்குத் திறந்து நடக்கவிட்டேன். 12 அடி போய், கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் நின்றது. ஒரு மயிரிழை போதவில்லை, 13 மில்லிக்குக் கொஞ்சம் மேலே திறந்ததும் பன்னிரண்டில் மூடிக்கொண்டது.